பேனுக்குச் சாதி தெரியாது, வகுப்பறைக்குத் தெரிகிறது

"தலையெல்லாம் பேன், தள்ளி உட்காரு" என்று ஒரு குழந்தையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. அனுப்பப்படும் குழந்தை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஊர்த்தெருப் பிள்ளைக்குப் பேன் வந்தால் வீட்டுக்குத் தகவல் போகும். சேரிப் பிள்ளைக்கு வந்தால் "இதுங்க குளிக்கவே குளிக்காதுங்க" என்ற வசை வரும். சாதியைச் சொல்லித் தனியே உட்கார வைத்தால் அது தீண்டாமைக் குற்றம். பேனைச் சொல்லி உட்கார வைத்தால் சுகாதாரமாம்!

இந்தச் சுகாதாரத்தில் அறிவியல் துளியும் இல்லை. தலைப்பேனுக்கும் அழுக்குக்கும் சம்பந்தமே கிடையாது. தினம் ஷாம்பு போடும் தலையிலும் அது சுகமாக வாழும். அதற்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலையோடு தலை உரசும்போது ஊர்ந்து மாறும். பெரும்பாலும் அவ்வளவுதான். கீழே விழுந்தால் இரண்டு நாளுக்கு மேல் பிழைப்பது அரிது. அழுக்குத் துணியில் குடியிருப்பது உடல்பேன் என்ற வேறு வகை. பொருநராற்றுப்படையில் பொருநனின் கந்தலில் ஈரும் பேனும் இருப்பதாக வருகிறதே, அது மாற்றுத்துணி இல்லாத வறுமையின் அடையாளம். தலைப்பேனை வைத்து யாருடைய வீட்டையும் அளக்க முடியாது. பேனுக்காக எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது.

அடுத்தது மொட்டை. பேன் ஒழிப்பு என்ற பெயரில் பிள்ளைகளின் தலையை, குறிப்பாகப் பெண் குழந்தைகளின் தலையை, பெற்றோரைக் கேட்காமல் மழிப்பதை எந்த விடுதியில் செய்தாலும் அது அத்துமீறல். பட்டியல் சாதி, பழங்குடியினரின் தலையைப் பிறர் கட்டாயமாக மழிப்பதை 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. மருந்து இருக்கும்போது கத்தி எதற்கு?

மருந்து எளிதுதான். ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன். தலைக்குக் குளித்துத் துவட்டி, ஈரம் இருக்கும்போதே வேர் வரை தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். நம் வீடுகளில் தவறுவது அடுத்த கட்டத்தில். இந்த மருந்து ஈரை முழுதாகக் கொல்லாது. தப்பிய ஈர் ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். அதனால் ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு முறை போட்டே ஆக வேண்டும். ஒரே நாளில் வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள். பேன் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இது வேண்டாம். லோஷன் வாங்கக் காசில்லையா? எண்ணெய் தேய்த்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் விடாமல். திண்ணையில் பாட்டிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான், சலிக்காமல் செய்தார்கள்.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அடுப்பு எரியும் வீட்டில் அது உயிரோடு விளையாடுவது. எறும்புச் சாக்பீஸ், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இவையும் தோல் வழியே உடம்பில் ஏறும் நஞ்சு.

தாய்மார்களைக் குறை சொல்வது சுலபம். விடியுமுன் கூலி வேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ போகிறவருக்கு, பிள்ளையின் தலையை மடியில் வைத்து ஒரு மணி நேரம் வாரப் பொழுது ஏது? ஆகவே இது அரசின் வேலையும்கூட. ஆதிதிராவிடர் நல விடுதிகள் எல்லாவற்றிலும் பெர்மெத்ரினும் சீப்பும் இருப்பில் இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எல்லாப் பிள்ளைகளின் தலையையும் பார்க்க வேண்டும், சேரிப் பிள்ளைகளை மட்டும் எழுப்பி நிறுத்தி அல்ல. அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்கச் சொன்ன நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரையைப் பேன் வந்த வாரத்திலும் கடைப்பிடிக்க வேண்டும்.

உங்கள் பிள்ளையைப் பேனைச் சொல்லித் தனியே உட்கார வைத்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அங்கே கேட்கவில்லை என்றால் 1098-க்கு அழையுங்கள்.