ஐந்து சென்ட் மனையின் நீர்க் கணக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு நகரின் புறத்தே ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக் குடியேறினேன். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்தபோது உப்பும் கடினத்தன்மையும் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தன. நைட்ரேட் மட்டும் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எங்கள் பகுதியில் பயிர்த்தொழில் நின்றுபோய் இருபது ஆண்டுகளாகின்றன. யூரியா எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தபடி கொல்லைப்புறத்துக்கு வந்தேன். மதிற்சுவரின் இந்தப் பக்கம் என் செப்டிக் டேங்க்; அந்தப் பக்கம் அண்டை வீட்டாருடையது. இரண்டுக்கும் இடையே நின்று நீர் இறைத்துக்கொண்டிருந்தது என் மோட்டார்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டில் சோதிக்கப்பட்ட மாதிரிகளில் ஐந்தில் ஒன்று இந்த வரம்பை மீறியுள்ளது. ராஜஸ்தானில் 49 சதவீதம், கர்நாடகத்தில் 48, தமிழ்நாட்டில் 37. இத்தகைய செய்தி வெளிவரும்போதெல்லாம் பழி உழவர்களின் உரமூட்டை மீது விழுகிறது. வயற்காடுகளைப் பொருத்தவரை அது பெரும்பாலும் நியாயமானதே. வயலே இல்லாத மனைப்பிரிவுகளுக்கு யார் பொறுப்பு?

செப்டிக் டேங்க் கெட்டுப்போவதால்தான் நிலத்தடி நீர் மாசுபடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். விதிப்படி கட்டிய தொட்டியும் நைட்ரஜனைத் தடுப்பதில்லை. தொட்டியிலிருந்து உறிஞ்சுகுழிக்குச் செல்லும் நீரில் நைட்ரஜன் அமோனியாவாக இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நோய்க்கிருமிகளைப் பெருமளவு வடிகட்டிவிடும் மண், நைட்ரேட்டைப் பிடித்துவைப்பதில்லை. அது நீரோடு நீராக இறங்கிவிடுகிறது. உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் தூரம் வேண்டும் என்ற இந்தியத் தர வழிகாட்டுதலும் கிருமிகளை எண்ணி வகுக்கப்பட்டதுதான். நாற்பது அடி அகல மனையில் அந்த அறுபது அடிக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவரின் மலம், சிறுநீர் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கிலோ நைட்ரஜன் வெளியேறுகிறது. நால்வர் உள்ள வீட்டில் 12 கிலோ. வண்டலிலும் காற்றிலும் பாதி போய்விடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், எஞ்சிய 6 கிலோ மண்ணுக்குள் ஏறத்தாழ 26 கிலோ நைட்ரேட்டாக மாறும். தலைக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் கழிவுநீர் என்றால் ஆண்டுக்கு 1.17 லட்சம் லிட்டர். ஐந்து சென்ட் நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினால் 20,000 லிட்டர். இவ்வளவு நீரில் அந்த 26 கிலோ கரைந்தால் லிட்டருக்கு 190 மில்லிகிராம்! அதே குடும்பம் ஓர் ஏக்கரில் தனித்து வாழ்ந்தால் மழைநீரின் பங்கு 4 லட்சம் லிட்டராகும். அளவு ஏறத்தாழ ஐம்பதுக்கு இறங்கிவிடும். பாட்டன் காலத்துத் தோட்ட வீட்டில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் அவர்களின் ஒழுக்கம் அன்று, பரப்பளவு.

இது தோராயக் கணக்கு. மண்ணுக்கு மண் மாறும். ஆனால், இதில் விட்டுப்போனது ஒன்று உண்டு. ஆற்றுநீர் குழாயில் வரும் ஊரில் கழிவுநீரே ஓரளவு புதுநீராக இறங்குகிறது. சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் எங்களைப் போன்றோரோ, இறைத்த நீரையே மேலும் நைட்ரேட் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் அளவு கூடுகிறது.

கிணற்று நீரின் நைட்ரேட்டுக்கும் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதற்கும் உள்ள தொடர்பை 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் ஹண்டர் காம்லி பதிவு செய்தார். குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழப்பதே காரணம். நீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. காய்ச்சினால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி நைட்ரேட்டை நீக்கும். அது வெளியேற்றும் நீர் மீண்டும் அதே உறிஞ்சுகுழிக்குப் போகிறது. கருவி வாங்க இயலாதவர் கேன் தண்ணீருக்கு மாறுகிறார். ஒரு கேன் 35 ரூபாய் என்றால், நாளுக்கு ஒன்றாக ஆண்டுக்கு 12,775 ரூபாய். மனை விற்றவரின் கணக்கேட்டில் இந்தச் செலவு இல்லை.

கழிவுநீர் வண்டிகளை முறைப்படுத்துவதில் தமிழ்நாடு 2014-இலேயே வழிகாட்டுதல்களை வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஆனால், வண்டி அள்ளிச் செல்வது வண்டலை. நைட்ரஜனின் பெரும்பகுதி அதற்கு முன்பே நீரில் கரைந்து மண்ணுக்குள் போய்விடுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் வட்டாரத்தில் முக்கால்வாசி வீடுகள் இன்றும் இத்தகைய தொட்டிகளையே நம்பியுள்ளன. குடிநீரும் நிலத்தடியிலிருந்தே வருகிறது. ஒரு மனை குறைந்தது எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை அங்கே நைட்ரஜனைக் கணக்கிட்டே பல ஆண்டுகளாக வரையறுக்கிறார்கள். 2024 நவம்பரில் தொட்டிகளை மாற்றவும் சாக்கடைத் திட்டங்களுக்குமாக விற்பனை வரியில் எட்டில் ஒரு சதவீதத்தைக் கூடுதலாகச் செலுத்த அங்குள்ள வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். நம்மிடமும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. மனிதக் கழிவின் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. அதைத் தனியே பிரித்து உரமாக்கும் பொதுக் கழிப்பறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் முசிறியில் கட்டி, பயன்படுத்துவோருக்குக் காசும் கொடுத்தார்கள். கழிவுக்கு விலை உண்டு என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது சாலையின் அகலத்தைக் கேட்கும் நாம், அங்கே எத்தனை கிலோ நைட்ரஜன் இறங்கும் என்று கேட்பதில்லை. நூறு மனைக்கு மேற்பட்ட பிரிவுகளிலாவது, நைட்ரஜனையும் நீக்கக்கூடிய பொதுச் சுத்திகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கி, அதன் செலவை மனை விலையிலேயே சேர்க்க வேண்டும். விலை சற்று ஏறும். இப்போது அதே விலையைத்தான் கேன் கேனாகச் செலுத்துகிறோம்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "சார், எல்லார் வீட்டு அறிக்கையும் வெளியே தெரிஞ்சா மனை விலை இறங்கிடுமே" என்றார் ஒருவர். கிணறுகளைச் சோதிப்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.