கேளுங்கள்... சொல்கிறோம்! கழற்றி மாட்டும் ஸ்கோப்பை நம்பலாமா?

“நிலக்கடலை போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றிகளைச் சுட எங்கள் பஞ்சாயத்து வைத்திருக்கும் பட்டியலில், உரிமத் துப்பாக்கி உள்ளவன் என்ற முறையில் நானும் இருக்கிறேன். என் .315 ரைபிளுக்கு, லீவரைத் திருப்பினால் கழன்று வரும் ஸ்கோப் மவுண்ட் வாங்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் குறி மாறாது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?”
- வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்.

முதலில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. இங்கே அப்படி இல்லை. சுடுவது வனத்துறையின் வேலை. இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தூக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. நல்ல மவுண்ட் பழைய இடத்திலேயே போய் உட்காரும், நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாட்டினால். இரண்டு பிடிகளுக்கும் நடுவே 10 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு முனை 0.1 மி.மீ., அதாவது ஒரு காகிதக் கனம், பக்கவாட்டில் நகர்ந்தாலே 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். அடிபட்ட பன்றி சோளக்காட்டில் படுத்திருக்கும். விடிகாலையில் புல் அறுக்க வருகிறவர்கள் மீது பாயும்.

ஆகவே மாட்டும் முன் ரெயிலையும் மவுண்டின் அடிப்பக்கத்தையும் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, மண் எதுவும் இருக்கக் கூடாது. எந்தப் பள்ளத்தில் மாட்டினீர்களோ, எப்போதும் அதிலேயே மாட்டுங்கள். நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தால் இருட்டிலும் குழப்பம் வராது. மவுண்டைக் குழல் முனைப் பக்கமாக முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு லீவரை மூடுங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் முன்னால் நகரப் பார்க்கும். முதலிலேயே முட்டக் கொடுத்துவிட்டால் நகர இடமிருக்காது. லீவர் சுலபமாக மூடினால் அதன் நட்டை முடுக்க வேண்டும். பலர் லீவரையே சந்தேகப்படுவார்கள். துப்பாக்கியோடு ரெயிலைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள்.

இத்தனை செய்தாலும் சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். வயலில் அல்ல, ரைபிள் கிளப் மைதானத்தில். மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, 100 மீட்டரில் காகிதத்தின் மீது மூன்று தோட்டா. கழற்றி மாட்டி மறுபடி மூன்று. இப்படி நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றின் துளைக்கூட்டமும் முதல் கூட்டத்தின் மேலேயே விழுந்தால் மவுண்ட் நல்லது. கூட்டம் மொத்தமாக இடம் பெயர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு தோட்டாவா என்று யோசிப்பீர்கள். உரிமத்தில் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, விலையும் அதிகம். அதற்கு மனமில்லை என்றால் கழற்றும் மவுண்டே வேண்டாம். வருடத்துக்கு நாலைந்து முறை துப்பாக்கி எடுக்கும் உங்களுக்கு, திருகாணியில் நிரந்தரமாக நிற்கும் சாதாரண மவுண்ட்தான் பொருத்தம் என்பது என் கருத்து. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்கோப் வைத்திருப்பவருக்குத்தான் லீவர் மவுண்ட் தேவைப்படும்.

ரெயில் பதிக்கத் துப்பாக்கியில் துளை போட வேண்டியிருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்கே கொண்டுபோங்கள். ஊர் லேத்தில் கொடுப்பது சட்டப்படியும் தவறு.