இங்கிலீஷ் நல்லா வந்தா போதுமா?

டெக்னிக்கல் ரைட்டர் வேலைன்னு சொன்னா ரெண்டு விதமான பதில் வரும். ஒண்ணு பழசு: "ஓ, உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமாக்கும்!" இன்னொண்ணு புதுசு: "அதான் ஏஐ எழுதிடுதே, உங்களுக்கு இன்னும் வேலை இருக்கா?" என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே தப்புக் கணக்கு. எங்க வேலையே வாக்கியம் எழுதறது மட்டும்தான்னு நினைக்கிறது.

இதை மறுக்க நான் சாட்சிக்கு அழைக்கிற ஆள் ஜோஆன் ஹேக்காஸ். அமெரிக்காவில், டென்வரில், 1978-லேயே இதற்கென்று காம்டெக் சர்வீசஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்த அம்மணி. 1994-ல், கையேடு தயாரிக்கும் திட்டங்களை நிர்வகிப்பது பற்றி ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அதில் இலக்கணப் பாடம் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஒரு கையேட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், பாதியில் மென்பொருள் மாறினால் எவ்வளவு கூடும் என்று கறாரான கணக்கு. கூடவே நிறுவனங்களைத் தரம் பிரிக்க ஒரு படிநிலை. அதில் அடிமட்டத்துக்குப் பேர் 'ஆப்லிவியஸ்'. அதாவது, இப்படி ஒரு வேலை தேவை என்பதே தெரியாத நிலை. ரிலீஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து "கொஞ்சம் இங்கிலீஷைத் திருத்திக் குடுங்க" என்பார்களே, அவங்கதான். நானும் அப்படி ஒரு இடத்தில் குப்பை கொட்டியிருக்கேன் :-)

1998-ல் ஜேனிஸ் ரெடிஷோடு சேர்ந்து இன்னொரு புத்தகம். அதன் சாரம் ரொம்ப எளிமை: பயன்படுத்துறவங்க வேலை செய்யற இடத்துக்கே போய், பக்கத்துல நின்னு பாருங்க. அப்புறம் எழுதுங்க.

அடுத்து உள்ளடக்க மேலாண்மை. "மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்" என்ற எச்சரிக்கை பன்னிரண்டு கையேட்டில் இருக்குன்னு வையுங்க. பதினொன்றில் திருத்தி, ஒன்றில் விட்டால் யாருக்கோ ஷாக் அடிக்கும். ஒரே இடத்தில் எழுதி எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ள வழி செய்வதுதான் டிட்டா. ஐபிஎம்மில் பிறந்து, 2005-ல் ஓயாசிஸ் அமைப்பின் தரமாக ஆனது. அதை நிறுவனங்களிடம் பரப்பும் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரேதான்.

இதில் எங்கேயாவது 'அழகான ஆங்கிலம்' வருதா? யாருக்கு என்ன தெரியணும், எது மாறிச்சு, எதை விடணும், எவ்வளவு செலவாகும். முழுக்க முழுக்க முடிவெடுக்கிற வேலை.

இவர் ஒரு காலத்தில் தலைவராக இருந்த எஸ்டிசி சங்கம், 1953-ல் வேர்விட்டது, 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டது. வருத்தம்தான். ஆனா சங்கம் போச்சுன்னா தொழிலும் போச்சுன்னு அர்த்தம் இல்லை. கேட்டதும் பதில் சொல்ற அந்த ஏஐக்கும் யாரோ சரிபார்த்து, அடுக்கி வைத்த உள்ளடக்கம்தான் தீனி. பழைய எச்சரிக்கையைப் போட்டால், அதையே தேன் ஒழுகத் திருப்பிச் சொல்லும்.

அதனால இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு: இங்கிலீஷை மட்டும் நம்பி வராதீங்க, அந்தக் கடையை மெஷின் எடுத்துக்கிச்சு. கேள்வி கேட்கிற வாயும், பக்கத்துல நின்னு பார்க்கிற பொறுமையும் இருந்தா தாராளமா வாங்க.

மேலாளர்களுக்கு: நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு ஒருதரம் குனிஞ்சு பாருங்க சாமி!