‘திடீர்’ மறியல் என்று ஒன்று கிடையாது

நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒரு தலைப்பு வரும்: ‘கல்லூரி மாணவிகள் திடீர் சாலை மறியல்’. கீழே நான்கு வரி. பஸ் நிற்காமல் போனது, அல்லது விடுதிச் சாப்பாடு சரியில்லை. தகவலறிந்து வந்த போலீசார் பேச்சுவார்த்தை நடத்தினர். மாணவிகள் கலைந்து சென்றனர். அரை மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. எழுதிய நிருபருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் அந்தத் ‘திடீர்’ மீது எனக்கு இருபது வருஷக் கோபம் இருக்கிறது. ஒருமுறை அந்தத் தலைப்புக்குக் கீழே ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் மறியலுக்கு ஏழு வாரம் பிடித்தது.

ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். விடுதியில் காலை ஆறிலிருந்து ஆறரை வரைதான் தண்ணீர் வரும். வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளுக்கு வேறு தொல்லை: மாலையில் டவுன் பஸ் கல்லூரி நிறுத்தத்தில் நிற்காமல் முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். மெஸ்ஸில் சமைத்த ஆறு பெண்களுக்கு வார விடுமுறை கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் கூலியில் பிடித்துவிடுவார்கள். மூன்றும் மூன்று தனிப் புலம்பல்களாக வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் ஆண்டு படித்த ஒரு அக்கா, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இரவில் அறை அறையாகப் போக ஆரம்பித்தார். நோட்டில் நான்கு கட்டம்: அறை எண், பெயர், ‘என்ன கஷ்டம்’, ‘என்ன செய்வாள்’. கடைசிக் கட்டத்தில் யாருக்கும் அவர் ‘வருவாள்’ என்று எழுதவில்லை. ஒருத்திக்கு ‘மனு எழுதுவாள், கையெழுத்து அழகு’. இன்னொருத்திக்கு ‘அப்பாவுக்குப் பயம், ரோட்டுக்கு வரமாட்டாள், வார்டன் வந்தால் தகவல் சொல்வாள்’. எனக்கு நேராக ‘பஸ் பிள்ளைகளிடம் பேசுவாள்’ என்றிருந்தது. என்னால் அது முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

மெஸ் அக்காக்கள் முதலில் எங்களை அண்டவே விடவில்லை. “நீங்க மூணு வருஷத்துல போயிருவீங்க கண்ணு, நாங்க இங்கதான கெடக்கணும்” என்றார்கள். அதில் எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினோம். மூன்று மாலை போன பிறகு, அவர்களில் மூத்தவர் ஒரு நிபந்தனை போட்டார்: மனுவில் எங்கள் விஷயத்தைக் கடைசியில் எழுதாதீர்கள், கடைசியில் எழுதுவதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். அதனால் அவர்களுடையதை முதலில் எழுதினோம். மூன்றில் எதையும் தனியாகத் தீர்த்துக்கொள்வதில்லை என்றும் பேசி வைத்தோம். மறியல் அன்று முதல்வர் வந்து, “தண்ணிக்கு இன்னிக்கே மோட்டார் போடச் சொல்றேன், எழுந்திருங்க” என்றார். விடுதிப் பிள்ளைகள் அசையவில்லை. பஸ்ஸுக்காக வந்திருந்தவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பஸ் நின்றது, தண்ணீர் வந்தது. மெஸ் அக்காக்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு விடுமுறை கிடைத்தது, கூலி ஏறவில்லை. மறுநாள் பேப்பரில் ‘திடீர்’ என்று வந்தது.

‘திடீர்’ என்பது செய்திப் பக்கத்தின் சொல். அதையே மேடையிலும் தலையங்கத்திலும் பெரிதாக்கி, ‘தன்னெழுச்சி’ என்கிறோம். மாணவர் போராட்டம் என்றாலே யாரும் திட்டமிடாமல், தலைவர் இல்லாமல், தானாகப் பொங்கி வருவது. அப்படி வந்தால்தான் அது சுத்தமானது. இந்த நம்பிக்கை மாணவர்களை வெறுப்பவர்களிடம் மட்டும் இல்லை. அவர்களை நேசிப்பவர்களிடம்தான் அதிகமாக இருக்கிறது. அதனால்தான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமாகச் சொல்லப்படுவது 1960 பிப்ரவரி 1. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போய், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த சாப்பாட்டு கவுன்ட்டரில் உட்கார்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில் தென் மாநிலங்களில் நகரத்துக்கு நகரம் அது பரவியது. தீப்பொறி பட்டது, காடு பற்றிக்கொண்டது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பரவிய நகரங்களில் ஒன்றான நாஷ்வில்லில் அதற்கு முன்பு என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஜேம்ஸ் லாசன் என்ற இறையியல் மாணவர் அங்கே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பதுகளின் நடுவில் நாக்பூரில் தங்கி, காந்தியின் சத்தியாகிரகத்தைக் கற்றுக்கொண்டு போனவர் அவர். 1959-இன் பிற்பகுதியில் வாரந்தோறும் ஒரு தேவாலயத்தில் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஃபிஸ்க், டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம், மெஹாரி மருத்துவக் கல்லூரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி என்று வெவ்வேறு இடங்களிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். நாற்காலிகளைக் கவுன்ட்டர் போல வரிசையாகப் போடுவார்கள். சிலர் அதில் உட்காருவார்கள். மற்றவர்கள் ரவுடிகளாக நடித்துக் காது கூசத் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். தள்ளப்பட்டவர் தலையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, அடி வாங்கும் தோழருக்கு எப்படிக் குறுக்கே போவது என்று பழக வேண்டும். திருப்பி அடிக்காமல் இருக்கத் தன்னால் முடியாது என்று யாருக்காவது தோன்றினால், கவுன்ட்டருக்குப் போகாமல் வேறு வேலை செய்யலாம். எங்கள் அக்காவின் நோட்டில் இருந்த நான்காவது கட்டம்தான் இதுவும்.

நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு கடைகளுக்குப் போய் உட்கார்ந்து, சாப்பாடு மறுக்கப்பட்டதும் எழுந்து வந்து சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கிரீன்ஸ்பரோ நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பே! பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27 அன்று ரவுடிகள் கூட்டமாக வந்து அடித்தார்கள். போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசையைக் கொண்டுபோனதும் தேவாலயத்தில் காத்திருந்த அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அன்று மட்டும் 81 பேர் கைதானார்கள். மார்ச் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. வேலை நிற்கவில்லை, ஏனென்றால் அது ஒருவர் தலையில் இல்லை. மாணவர் குழு ஒன்று கூடிக் கூடி முடிவெடுத்தது. கறுப்பினக் குடும்பங்கள் நகரின் மையத்திலிருந்த கடைகளில் ஈஸ்டருக்குப் பொருள் வாங்குவதை நிறுத்தின. மாணவர்களோடு ஊரும் சேர்ந்துகொண்டது இப்படித்தான்.

ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வீசினார்கள். அன்று பகலிலேயே மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். வாசலில் வைத்து ஃபிஸ்க் மாணவி டயான் நாஷ், நிறத்தைப் பார்த்து ஒருவருக்குச் சாப்பாடு மறுப்பது சரிதானா என்று மேயர் பென் வெஸ்ட்டை நேருக்கு நேர் கேட்டார். சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மே 10 அன்று ஆறு கடைகளின் கவுன்ட்டர்கள் எல்லோருக்கும் திறந்தன. அரை நாளில் மூவாயிரம் பேரை அமைதியாக நடக்க வைப்பது தன்னெழுச்சியால் ஆகிற காரியமா? யார் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே கூட வேண்டும், யார் பேச வேண்டும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் பழகிப் போயிருந்தது. மேயரிடம் கேட்ட கேள்விக்குப் பின்னால் அத்தனை வார வகுப்பும் இருந்தது.

நம்மிடமும் இதே கதைதான். 1965 மொழிப்போரை ஒரு நெருப்பாகவே பாடிக்கொண்டிருக்கிறோம். மாநிலம் முழுவதும் இருந்த கல்லூரி மாணவர் பேரவைத் தலைவர்கள் ஒன்றுகூடி, இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சிக்கென்று ஒரு கூட்டுக் குழுவை அந்த ஜனவரியில் அமைத்தார்கள் என்பது அந்தப் பாட்டில் வருவதே இல்லை. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரனைத் தியாகியாக வணங்குகிறோம், வணங்கத்தான் வேண்டும். ஆனால் சுற்றறிக்கை எழுதியவர்களையும், ஒரு கல்லூரியிலிருந்து அடுத்த கல்லூரிக்குச் செய்தி கொண்டுபோனவர்களையும் மறந்துவிட்டால், சாவு மட்டும்தான் வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

மெரினாவுக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அங்கே திரண்ட கூட்டத்தை யாரும் முன்கூட்டித் திரட்டவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோபம் உண்மையாகவே தானாக வந்தது. ஆனால் ஆறு இரவு அதை மணலில் நிறுத்தியது கோபமா? குப்பை பொறுக்கியதும், போக்குவரத்தைச் சரிசெய்ததும், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கைமாற்றி உள்ளே கொண்டுபோனதும், இரவில் பெண்கள் பயமில்லாமல் இருக்கப் பார்த்துக்கொண்டதும் சின்னச் சின்னக் குழுக்கள். அவற்றை அமைப்பு என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. தலைவரே இல்லாத அறப்போர் என்று கொண்டாடினோம்.

அந்தக் கொண்டாட்டத்துக்கு ஜனவரி 23 காலையில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அரசு அவசரச் சட்டம் வந்துவிட்டது என்றது; ஏற்பதா, இன்னும் இருப்பதா, எழுந்து போவதென்றால் எந்த வழியாக என்று எல்லோர் சார்பிலும் முடிவு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. போலீஸ் வெளியேற்றியது. தடியடி நடந்தது. மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பம் மீனவர்களின் சந்தை எரிந்தது. சமூக விரோதிகள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று காவல்துறை சொன்னது. அதை நம்பப் பலர் தயாராக இருந்தார்கள். ஏனென்றால் ஆறு நாளாக நாமே சொல்லிக்கொண்டிருந்தோம்: இது வெறும் மாணவர்கள், இதில் எந்த அமைப்பும் இல்லை, எந்தத் திட்டமும் இல்லை. அமைப்பு இல்லாததுதான் சுத்தம் என்றால், அமைப்பாக இருப்பவன் எவனும் ஊடுருவியவன்தானே?

‘தானாகப் பொங்கியது’ என்று புகழ்பவரும் ‘யாரோ தூண்டிவிட்டார்கள்’ என்று ஏசுபவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி தானே யோசித்து, நாலு பேரிடம் பேசி, ஏழு வாரம் பொறுத்திருந்து, ஒரு காரியத்தைக் கட்டியெழுப்புவாள் என்பதை இருவராலும் ஏற்க முடியவில்லை. ஒருவர் அவளைக் காற்று என்கிறார், இன்னொருவர் கருவி என்கிறார்.

அமைப்பு என்றால் கட்சி வந்துவிடுமே என்பார்கள். வரும், வந்திருக்கிறது. நம் ஊரில் மாணவர் அமைப்பு என்றதும் ‘மாணவர் அணி’தான் நினைவுக்கு வருகிறது, மாநாட்டுக்கு ஆள் சேர்ப்பதும் பேனர் பிடிப்பதும் அதன் வேலை. அந்தப் பயத்தைப் பழிக்கமாட்டேன். 1960 ஏப்ரலில் அமெரிக்காவில், ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர் கூட்டத்தில் அதே பயம் எழுந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்த மாணவர்களைத் தங்கள் இளைஞர் பிரிவாக்கிக்கொள்ளப் பெரிய அமைப்புகள் விரும்பின. அந்தக் கூட்டத்தைக் கூட்டிய எல்லா பேக்கர் என்ற பெண்மணி, அப்போது ஐம்பதுகளில் இருந்தவர், உங்கள் அமைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்ற பக்கமே நின்றார். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு. அணியாகிவிடுவோம் என்று பயந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு அமைப்பைக் கட்டினார்கள். அமைப்பே வேண்டாம் என்று அவர்கள் கலைந்து போகவில்லை.

இங்கே கட்டவும் இடம் விடுவதில்லை. பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் மாணவர் தேர்தல் நடக்க வேண்டும் என்ற லிங்டோ குழுவின் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றது. தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் இன்றும் தேர்தல் நடத்துவதில்லை. பேராசிரியர்கள் பார்த்து ஒரு நல்ல பிள்ளையைப் பேரவைத் தலைவராக நியமித்துவிடுகிறார்கள். சேரும்போதே, பிள்ளை போராட்டத்தில் கலந்துகொள்ளாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்கும் இடங்களும் உண்டு. கூடிப் பேச அறை இல்லை, ஆள் இல்லை, பழக்கமும் இல்லை. பிறகு ஒருநாள் ரோட்டில் உட்கார்ந்தால், எங்கிருந்து வந்தது இந்தக் கோபம் என்று வியக்கிறோம்.

நிருபர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை மறியல் நடக்கும் இடத்துக்குப் போகும்போது, ஓரமாக நிற்கும் பெண் ஒருத்தியிடம், எத்தனை நாளாக இதைப் பேசிக்கொண்டிருந்தீர்கள், யார் யாரிடம் போனீர்கள் என்று கேளுங்கள். அவள் சொல்லத் தயங்குவாள், பெயர் வெளியே தெரிந்தால் டிசியைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். பெயர் போட வேண்டாம். மெஸ் அக்காக்களோடு உட்கார்ந்து எத்தனை மாலை காய் நறுக்கினாள் என்பதைப் போடுங்கள்.