பழைய வாத்தியமும் பழைய குரலும்

பழைய வாத்தியம் ஒன்றை வாங்குவோர் முதலிற் பார்ப்பது அதன் மரத்தின் மெருகையே. ஆர்மோனியமாயின் துருத்தியை அழுத்திக் காற்று ஒழுகுகின்றதா என்றும் பார்ப்பர். ஒலிநாடாவால் இசைக்கும் மெலோற்றோன் என்னும் வாத்தியத்தைச் சோதிக்கும் முறையோ வேறு. அம்முறையில் எமக்கும் ஒரு பாடம் உண்டு.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1963ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாத்தியத்துக்கு முன்னோடி, அமெரிக்கரான ஹரி சேம்பலின் ஆக்கிய கருவியாகும். 1970இல் வந்த எம் 400 என்னும் வகையில் 35 கட்டைகள் உள; கட்டைக்கு ஒரு நாடா. வயலின், புல்லாங்குழல் முதலியவற்றின் ஒலி அந்நாடாக்களில் முன்னரே பதியப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தியதும் நாடா ஓடி ஏறத்தாழ 8 விநாடி ஒலிக்கும். விரலை எடுத்ததும் வில்லு அதனை மீள இழுத்துக்கொள்ளும்.

ஆதலின், வாங்கியவுடன் மின்னிணைப்புக் கொடுத்து வாசிக்க முற்படுதல் தவறு என்பதே எமது துணிபு. முதலில் மூடியைத் திறந்து நாடாக்களைப் பார்த்தல் வேண்டும். மடிப்பு உண்டா? பழுப்புத் தூள் உதிர்கின்றதா? பிசுபிசுப்பு ஏறியுள்ளதா? அடுத்து, இறப்பர் உருளைகள் இறுகினவா, ஒலிமுனைகள் அழுக்கடைந்தனவா என நோக்குக. பின்னரே வாசித்தல் தகும். எல்லாக் கட்டைகளிலும் சுருதி தளம்பினால் குற்றம் மோட்டாரிலோ வேகக் கட்டுப்பாட்டிலோ இருக்கும். ஒன்றில் மட்டும் தளம்பினால் அதன் உருளையிலோ நாடாவிலோ இருக்கும்.

மெலோற்றோனின் நாடா கெட்டாலும் மூலப்பதிவிலிருந்து வேறொன்று பெறலாம். எமது இல்லங்களிற் கிடக்கும் நாடாக்களுக்கோ மூலம் வேறில்லை. மீனவரின் அம்பாப் பாட்டு, வசந்தன் பாட்டு, முஸ்லிம் தாய்மாரின் கவி, மறைந்த ஆசிரியர்தம் உரை என்பன அவற்றில் உறங்குகின்றன. உப்புக் காற்றும் ஈரமும் அவற்றை நாள்தோறும் அரிக்கின்றன. 2004 மார்கழி 26இல் கல்முனைக் கரையிற் கடல் ஏறியபோது வீடுகளோடு இத்தகைய பெட்டிகளும் போயின. எஞ்சியவை சிலவே.

யாம் ஒருகால் அவசரப்பட்டு ஓட்டிய நாடா, முதியவர் ஒருவரின் அம்பாவைப் பாதியில் அறுத்தது. அவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். மீதிப் பாட்டை இனி யார் தருவார்?

பழைய மாணவர்காள்! வீட்டிலுள்ள நாடாவை ஓட்டிப் பாராதீர். அந்த ஓட்டமே கடைசியாகலாம். உலர்ந்த இடத்தில் வைத்து, அறிந்தவர் கையிற் கொடுத்துப் படியெடுப்பியுங்கள். விழாவுக்கு ஓர் அலங்கார வளைவு குறையினும் குறைவில்லை. அச்செலவில் நாடாக்களைப் படியெடுத்துக் கல்லூரி நூலகத்தில் வைப்போமாயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த பயனாகும்.