செங்டுவில் காரம் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட் எண்தான் பிரச்சினை!

தென்மேற்குச் சீனாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்களிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் செங்டு, சோங்ச்சிங், குன்மிங் நகரங்களில் குடியேறும் வெளிநாட்டவருக்குச் சாப்பாடு சீக்கிரமே பழகிவிடுகிறது. வருடங்கள் போனாலும் விடாமல் துரத்துவது பாஸ்போர்ட் எண்.

சாப்பாடு சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். சிச்சுவான் சமையலின் அடையாளம் வெறும் காரம் இல்லை. நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகும் சேர்ந்ததுதான் அதன் ருசி. ஹாட்பாட் கடையில் காரம் ஒரு பக்கம், காரமில்லாத சூப் மறுபக்கம் என இரண்டாகப் பிரித்த பாத்திரம் கேட்டு வாங்கலாம். தொட்டுக்கொள்ள பூண்டு போட்ட நல்லெண்ணெய் தருவார்கள், காரம் கொஞ்சம் அடங்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். சோங்ச்சிங் ஹாட்பாட்டின் சிவப்புக் குழம்பில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு இருக்கும். காய்கறிப் பொரியலையே பன்றிக்கொழுப்பில் வதக்கும் கடைகளும் உண்டு. செங்டுவின் வென்ஷூ மடாலயம் போன்ற பௌத்தக் கோயில்களின் சைவ உணவகங்கள் கைகொடுக்கும்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

சீனக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. பிறந்ததிலிருந்து கடைசிவரை அது மாறாது. சிம் கார்டு, வங்கிக் கணக்கு, அலிபே, வீசாட், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதுதான். இந்த எண்ணை நம்பித்தான் அங்கே அன்றாட வாழ்க்கை அவ்வளவு வேகமாக ஓடுகிறது. செங்டுவிலிருந்து சோங்ச்சிங் சுமார் 300 கி.மீ.; வேகமான ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2023 ஏப்ரல் முதல் குன்மிங்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கே நேரடிப் பயணிகள் ரயில் ஓடுகிறது. உள்ளூர்க்காரர் அடையாள அட்டையைத் தட்டினால் ஸ்டேஷன் கேட் திறந்துவிடும். வெளிநாட்டவர் பல இடங்களில் பாஸ்போர்ட்டோடு ஊழியர் இருக்கும் வழியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அது சின்ன அலைச்சல்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதுதான் உண்மையான தலைவலி. புத்தகம் மாறினால் எண்ணும் மாறும். மனிதர் அதே ஆள். கணினிக்கோ அவர் புது ஆள். குடியிருப்பு அனுமதியில் மாற்றத்தை 10 நாட்களுக்குள் பதிய விண்ணப்பிக்க வேண்டும். பிறகு சிம், வங்கி, பணப் பரிவர்த்தனைச் செயலி, ரயில் டிக்கெட் செயலி என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சிம்மில் ஒரு எண், வங்கியில் வேறு எண் என்று இருந்தால் சரிபார்ப்பு சிக்கிக்கொள்ளும். டீ வாங்குவதற்கும் மொபைலை நீட்டும் ஊரில், கணக்கு முடங்கினால் எவ்வளவு அவஸ்தை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. சிச்சுவானிலும் யுன்னானிலும் எம்பிபிஎஸ் படிக்கப் போன இந்திய மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவும் இருக்கலாம். அப்பா பெயர் ஏறியும் இருக்கலாம். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் செயலிக்கு இதெல்லாம் புரியாது.

அரசு எதையும் சரிசெய்யவில்லையா?

செய்திருக்கிறது. 2023-ல் வெளிநாட்டு வங்கி அட்டைகளை அலிபே, வீசாட்டில் இணைப்பது எளிதானது. 2024-ல் ஒரு பரிவர்த்தனைக்கான உச்சவரம்பு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்ந்தது. கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது மத்திய வங்கியின் விதி.

ஆனால் இவற்றில் பலவும் சுற்றுலாப் பயணிகளுக்கே அதிகம் உதவுகின்றன. பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்குப் பாஸ்போர்ட் எண் மாறப்போவதில்லை. ஐந்தாறு வருடம் படிப்பவருக்கும் வேலை பார்ப்பவருக்கும் மாறக்கூடும்.

இதற்கான தீர்வும் சீனாவின் கையிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் வந்த புதிய நிரந்தரக் குடியிருப்பு அட்டை, குடிமக்களைப் போலவே வெளிநாட்டவருக்கும் 18 இலக்க எண் தருகிறது. ஆனால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதே வசதியைச் சாதாரணக் குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் மாணவர், ஊழியருக்கும் கொடுத்தால் பாதி அலைச்சல் ஒழியும். எண் ஆளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், புத்தகத்துக்கு அல்ல.

அதுவரை என்ன செய்யலாம்?

* கிளம்பும் முன் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். படிப்போ ஒப்பந்தமோ முடியும்வரை தாங்காது என்றால், ஊரிலேயே புதுப்பித்துவிடுங்கள்.
* பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வங்கியில் காட்ட உதவும்.
* எல்லா இடத்திலும் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில் எழுதுங்கள்.
* வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.
* கொஞ்சம் ரொக்கம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், மிச்சம் இருப்பது காரம் மட்டும்தான். அதை நம்மவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.