தோலின் நிறமே தூண்டில்

காதல் காட்டிப் பணம் பறிக்கும் இணையக் கூட்டத்தாரைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் ஓயாது வந்துகொண்டிருக்கின்றது. அதனைப் படிப்போர் இருவகையாகப் பேசுவர். “படித்த பெண்ணுக்கு இத்துணை மடமையா?” என்பது ஒன்று, “எல்லாம் அந்த ஆப்பிரிக்கர் செய்யும் வேலை” என்பது மற்றொன்று. இவ்விரு பேச்சும் அக்கூட்டத்தார்க்கே பெருந்துணையாகின்றன என்பது என் கருத்து. ஓரினத்தாரைப் பற்றி மற்றோரினத்தார் ஆராயாமலே நெஞ்சிற் பதித்து வைத்திருக்கும் முன்முடிவுதான் இவ்வேய்ப்பு வணிகத்திற்கு முதல். ஏமாந்தவர் வாய்திறவாது ஒடுங்குதற்கும், உண்மைக் குற்றவாளி தப்புதற்கும் அதுவே காவலாகவும் நிற்கின்றது.

நம் நாட்டில் மிகுதியாக நிகழும் வகையை முதற்கண் காண்போம். மணமகன் வேண்டித் திருமணத் தளமொன்றிற் பெயர் பதிந்திருக்கின்றார் ஒரு பெண். அகவை முப்பத்தைந்தைக் கடந்தவர், அல்லது மணமுறிவு பெற்றவர், அல்லது கைம்பெண். அவருக்கு இலண்டனிலிருந்து ஒரு மருத்துவரோ, கடலிடை எண்ணெய்க் கிணற்றிற் பணிபுரியும் பொறியாளரோ மடல் விடுக்கின்றார். வெள்ளை நிறம், நரை கலந்த முடி, பக்கத்தில் ஒரு சிறுமி, மனைவியை இழந்தவர். (மனைவியை இழந்த ஆடவனின் துயரைத் தபுதாரநிலை என்று தொல்காப்பியர் புறத்திணையில் வைத்தார், இற்றைப் புரட்டர் அதனைக் கடைத்தெருவில் வைத்துவிட்டனர்.) காலையில் வணக்கம், இரவில் நலம் உசாவல், இடையிடையே மகளின் படிப்பைப் பற்றி ஒரு கவலை. முகங்காண வேண்டுமென்றால் படக்கருவி பழுது. சில கிழமைகள் கழித்து, “உனக்கொரு பொதி விடுத்துள்ளேன்” என்று செய்தி வரும். நகை, கைக்கடிகாரம், பிரித்தானியப் பவுண்டுத் தாள்கள். அவற்றின் படமும் கூடவே வரும். இரண்டு மூன்று நாளில், “தில்லி வானூர்தி நிலையச் சுங்க அலுவலகத்திலிருந்து பேசுகின்றோம்” என்று ஒரு பெண்குரல் அழைக்கும். தீர்வை கட்டினாற்றான் பொதி விடுவிக்கப்படும். கட்டினால், அயல்நாட்டுப் பணம் உள்ளே இருப்பதால் ஒரு சான்றிதழ்க் கட்டணம். அதனையுங் கட்டினால் வருமானவரி. அதற்குமேல் மறுத்தால், “பணக்கடத்தல் குற்றத்திற் சிறை” என்னும் அச்சுறுத்தல்! சில ஆயிரத்திற் றொடங்குவது இலக்கங்களிற் சென்று முடிகின்றது. பொதி என்று ஒன்று எந்நாளும் இருந்ததில்லை. தனியாள் பெயரிலுள்ள வைப்பகக் கணக்கில் பணஞ் செலுத்துமாறு சுங்கத்துறை எவரையுங் கேட்பதில்லை. அத்துறையே இதனைப் பன்முறை அறிவித்துள்ளது.

அம்மணமகன் ஏன் இலண்டனில் இருக்கின்றான்? ஏன் இலாகோசில் இல்லை? நைசீரிய மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவமனைகளிற் பெருந்தொகையினராய்ப் பணிபுரிகின்றனர். ஆயினும் கறுப்பு நிற மருத்துவன் படத்தை இவ்வேய்ப்பர் நம் பெண்களுக்குக் காட்டமாட்டார். காட்டினாற் காசு வாராதென்பது அவர்க்கு நன்கு தெரியும். சேலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தால் நாம் என்ன செய்கின்றோம்? பணியிடத்திற்கு ஆள் விடுகின்றோம், தெருவில் உசாவுகின்றோம், பங்காளிகளைக் கேட்கின்றோம், கடன் உண்டா, குடி உண்டா என்று துருவுகின்றோம். காதலொழுக்கத்திற் புரட்டுப் புகுந்ததனாலேயே பெரியோர் மணமுறை வகுத்தனர் என்று தொல்காப்பியம் கற்பியலிற் கூறும் நாட்டினர் நாம்! வெள்ளைக்காரன் என்றவுடன் இவ்வாய்வெல்லாம் எங்கே போகின்றது? “வெள்ளைக்காரன் சொன்னாற் சொன்னதுதான்” என்று நம் முதியோர் திண்ணையிற் பேசிய பேச்சு, ஆங்கிலேயர் போய் எழுபத்தைந்தாண்டு கடந்தும் உள்ளே உட்கார்ந்திருக்கின்றது. “சிவந்த பெண் தேவை” என்று விளம்பரஞ் செய்யும் குமுகாயத்தில், வெள்ளைத் தோல் தனக்குத் தானே சான்றிதழாய் நிற்பதில் வியப்பென்ன?

வெள்ளையர் மட்டும் இதற்கு விலக்கல்லர். கீழை நாட்டுப் பெண் அடங்கி நடப்பாள், எதிர்த்துப் பேசாள், கிழவனாயினும் போற்றுவாள் என்னும் படம் மேலையர் பலர் நெஞ்சில் உண்டு. இணையம் பரவுவதற்கு முன்பே அப்படத்தை அச்சிட்டு விற்றனர். பெண்களின் ஒளிப்படமும் முகவரியும் அடங்கிய பட்டியல் நூல்கள் அஞ்சலிற் போயின. இவ்வணிகத்தைத் தடுக்கப் பிலிப்பைன்சு அரசு 1990-இல் தனிச்சட்டமே இயற்றிற்று. அங்ஙனம் மணந்து சென்ற பெண்கள் சிலர் கணவராற் கொலையுண்ட பின்னர், அமெரிக்கப் பேராயம் 2005-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அயல்நாட்டு மணத்தரகர்கள், அமெரிக்க ஆடவனின் குற்ற வரலாற்றை அப்பெண்ணுக்கு முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஆடவன் அடங்கிய பெண்ணென ஒரு படத்தை விலைக்கு வாங்கினான். அவளோ செல்வமும் கண்ணியமும் உடைய வெள்ளைக்காரன் என மற்றொரு படத்தை நம்பிக் கப்பலேறினாள். இடையில் நின்ற தரகன் இருபுறமும் பணம் பார்த்தான். இத்தகைய மணங்களில் உண்மையன்பு கொண்டு வாழ்வாரும் பலர். ஆனால் தெருவில் நடக்கும்போது, “எத்தனைக்கு வாங்கினான்?” என்னும் பார்வையை அவர்கள் இன்றளவும் சுமக்கின்றனர்.

வேறினத்தாரை மணப்பது குற்றமென்று சட்டமே இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. அமெரிக்காவில் எஞ்சியிருந்த அத்தகைய மாநிலச் சட்டங்களை உச்சமன்றம் 1967-இல் தள்ளிற்று. தென்னாப்பிரிக்கா தன் சட்டத்தை 1985-இல் நீக்கியது. சட்டம் போயிற்று, வடிகட்டும் பொத்தான் வந்தது. இன்ன இனத்தார் என் கண்ணிற் படவேண்டா என்று துணைதேடுவோர் ஒதுக்குதற்கு இணையச் செயலிகள் வழிசெய்தன. ஒருபால் நாட்டமுடைய ஆடவர்க்கான கிரைண்டர் என்னுஞ் செயலி 2020-இல்தான் அதனை எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஓக்கே கியூப்பிடு என்னும் அமெரிக்கத் தளத்தை நிறுவியவருள் ஒருவர் தம் தளத்தின் கணக்குகளை 2009-இலும் 2014-இலும் வெளியிட்டார். கறுப்பினப் பெண்களும் ஆசிய ஆடவரும் பிறரால் மிகுதியும் புறக்கணிக்கப்படுவதை அவை காட்டின. நாள்தோறும் மடல் விடுத்து மறுமொழி காணாத ஒருவர்க்குத் திடுமென ஒருநாள் இனிய மடலொன்று வந்தால் என்னாகும்? புறக்கணிப்பு உழுது வைத்த நிலத்திலேயே ஏய்ப்பன் விதைக்கின்றான்.

இனி ஆப்பிரிக்கர் செய்தி. நைசீரியாவிலும் கானாவிலும் இத்தொழில் செய்யுங் கூட்டங்கள் உள்ளன, மறைக்க வேண்டுவதில்லை. நைசீரியக் குற்றச் சட்டத்தின் 419-ஆம் பிரிவே இவ்வேய்ப்பிற்கு உலகெங்கும் பெயராகிவிட்டது. கானாவில் இதனைச் சக்காவா என்பர். அதனைக்கொண்டு ஒரு கண்டத்தையே கள்வர் நாடென்பது எவ்வகை அறம்? திருப்பூரிற் பின்னலாடை வாங்கிச் செல்லும் நைசீரிய வணிகர்க்கும், நம் கல்லூரிகளிற் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்க்கும் வாடகை வீடு கிடைப்பது எத்துணை அரிதென்பதை அவ்வூரார் அறிவர். நம் பெண் இழந்த பணம் போய் விழுந்த வைப்பகக் கணக்கு யாருடையது? சிறுதொகை பெற்றுக்கொண்டு தன் கணக்கை வாடகைக்கு விட்ட நம்மவனுடையது. சுங்க அலுவலராய்ப் பேசிய பெண்குரல் எந்நாட்டுக் குரல்? அவ்வழைப்பு வந்த தொடர்பு எண் யார் பெயரில் வாங்கப்பெற்றது? இக்கேள்விகளை எழுப்பாமல் கறுப்பு நிறத்தை மட்டும் சுட்டிவிட்டு நாம் உறங்கப் போய்விடுகின்றோம்.

அண்மை ஆண்டுகளில் இத்தொழில் கூலிப்பட்டறையாகவே வளர்ந்துவிட்டது. கம்போடியாவிலும், தாய்லாந்தை ஒட்டிய மியன்மாவின் மியாவாடிப் பகுதியிலும் மதில் சூழ்ந்த வளாகங்கள் எழுந்துள்ளன. மியன்மாவில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வேய்ப்புத் தொழிலில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என ஒன்றிய நாடுகள் அவையின் மாந்தவுரிமை அலுவலகம் 2023 ஆகத்தில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அகப்பட்டவருட் பலர் படித்தவர், கணினி அறிந்தவர், பன்மொழி தெரிந்தவர் என்றும் அது குறிக்கின்றது. படிப்பே அங்கு விலங்காயிற்று!

அவர்களுள் நம் பிள்ளைகளும் இருந்தனர். தாய்லாந்திற் கணினிப் பணி, நல்ல ஊதியம் என்று முகவர் சொல்ல, கடன்பட்டு வானூர்தி ஏறினர். அங்கிருந்து எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி, மியாவாடியில் விட்டனர், கடவுச்சீட்டைப் பறித்தனர். மீட்கப்பட்ட தமிழர் பதின்மூவர் 2022 அக்தோபரிற் சென்னை வந்து சேர்ந்தனர். எல்லையோர ஊர்களுக்குத் தாய்லாந்து அரசு 2025 பிப்பிரவரியில் மின்சாரத்தை நிறுத்திய பின்னர், பலநாட்டாரும் ஆயிரக்கணக்கில் வெளிவந்தனர். அடுத்த திங்களில் இரண்டே நாளில் 549 இந்தியர் வான்படை வானூர்திகளில் நாடு திரும்பினர்.

அவ்வளாகங்களில் நடந்ததென்ன? ஒவ்வொருவர்க்கும் கைப்பேசிகள் தரப்படும். ஒரு பொய்ப்பெயரும், அழகிய பெண்ணொருத்தியின் திருட்டுப் படங்களும், எந்த நாளில் என்ன பேசுவதென்னும் பாடமும் தரப்படும். அப்பெண் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வாழும் செல்வச் சீனப் பெண். முதலீட்டில் வல்ல சிற்றப்பனோ மாமனோ அவளுக்கு உண்டு. சீனர் பணத்திற் கெட்டிக்காரர் என்னும் மற்றோர் இனப்படம் இங்கே தொழிற்படுகின்றது. காதல் முற்றிய பின், கிரிப்டோ எனப்படும் மின்னாணயத்தில் முதலிடுமாறு அவள் அறிவுரை சொல்வாள். போலித் தளத்தில் ஊதியம் பெருகுவதாகக் கணக்குக் காட்டும். எடுக்கப் போனால் ஒரு காசும் வாராது. முகங்காட்ட வேண்டிய வேளைக்கென்று கூலிக்கு அமர்த்திய பெண்ணும் உண்டு. குறித்த தொகை ஈட்டாதவன் அடிபடுவான், மின்னதிர்ச்சி பெறுவான், வேறு வளாகத்திற்கு விற்கப்படுவான், வீட்டார் மீட்புப்பணம் கட்டவேண்டும். அமெரிக்காவில் தனித்திருக்கும் முதியவர் ஒருவர் தம் சீனக் காதலியின் மடல் என்று நெகிழ்ந்து படித்த வரிகளை, அச்சத்தாற் கைந்நடுங்கத் தட்டச்சிட்டவன் எவ்வூர்ப் பிள்ளை என்பது அவர்க்கு எங்ஙனந் தெரியும்?

அமெரிக்க வணிகக் காவல் ஆணையத்திடம் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் ஏய்ப்புப் பற்றி முறையிட்டனர். அவர்கள் இழந்ததாகக் கூறிய தொகை 130 கோடித் தாலர். இது முறையிட்டோர் கணக்கு மட்டுமே. நம் நாட்டில் வாய்திறப்போர் இன்னுஞ் சிலரே. பணம் போனதினும் ஊர் சிரிக்குமே என்னும் நாணம் பெரிது. பெண்ணாயின் அது பத்து மடங்கு. 1930 என்னும் எண்ணிற்கு உடனே தெரிவித்தாற் பணம் கைம்மாறிப் போகுமுன் கணக்கை முடக்க வழியுண்டு. நாணி ஒளிந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்களே ஏய்ப்பனுக்கு வேண்டுவன.

இங்கே சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மேற்குறித்த முதலீட்டு ஏய்ப்பிற்குச் சீனக் கூட்டத்தார் இட்ட பெயர், பன்றியைக் கொழுக்க வைத்து அறுத்தல் என்னும் பொருளது. பன்றி யார்? ஏமாந்தவர்! கொலைஞன் இட்ட பெயரை ஆங்கில இதழ்கள் அப்படியே மொழிபெயர்த்தன. நம் இதழ்களும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதின. தன்னைப் பன்றியென்று எழுதும் தாளிகையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் காவல்நிலையப் படியேறுவாள்? பன்னாட்டுக் காவலமைப்பாகிய இன்டர்போல் 2024 திசம்பரில் இப்பெயரைக் கைவிடுமாறு வேண்டியது. ஏமாந்தவரை இழிவுபடுத்தி வாய்திறவாமற் செய்கின்றது என்பதே அது காட்டிய கரணியம். அவர்கள் பரிந்துரைத்த புதுப்பெயரும் காதலை இரையாகக் காட்டுதல் என்னும் கருத்தினதே. தமிழில் இதற்கு நெடிதாய்த் தேடவேண்டா. ‘காதல் தூண்டில்’ எனலாம். மீனை எவரும் இகழார். தூண்டிலிட்டவனைப் பற்றியே பேச்சு எழும். தமிழ் இதழாசிரியர்களும் காவல்துறை அறிக்கை எழுதுவோரும் இச்சொல்லை எடுத்தாளுமாறு வேண்டுகின்றேன். இதனினுஞ் சிறந்த சொல் கண்டவர் எழுதி விடுத்தால் அதனையே கொள்ளலாம்.